உயிர்ப்பிக்கும் வேளையில் மூளையின் ஒட்சிசனைக் கண்காணித்தல்

கொழும்பின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், விரலில் மாட்டிக் குருதியின் ஒட்சிசன் அளவைக் காட்டும் பல்ஸ் ஒக்ஸிமீட்டர் அன்றாடக் கருவிதான். ஆனால் இதயம் நின்றுவிட்டால் விரலில் நாடி இராது, ஆகவே அதன் எண்ணையும் நம்ப முடியாது. நெற்றியில் ஒட்டப்படும் மூளை ஒக்ஸிமீட்டருக்கு நாடி தேவையில்லை. மண்டையோட்டை ஊடுருவும் செந்நிறக்கீழ்க் கதிர்களைக் கொண்டு, மூளையின் முன்பகுதிக் குருதியில் எவ்வளவு ஒட்சிசன் எஞ்சியுள்ளது என்பதை அது தொடர்ந்து காட்டும்.

சென்சரை ஒட்டுபவர் நெஞ்சை அழுத்துபவராக இருக்கக்கூடாது. ஒட்டுவதற்காக அழுத்தம் ஒரு கணமும் நிற்கவும் கூடாது. முதலில் நெற்றியைத் துடைத்து உலர்த்துங்கள். வியர்வையும் எண்ணெயும் மட்டுமல்ல, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருந்து கொண்டுவரப்படும் நோயாளரின் நெற்றியில் திருநீறும் சந்தனமும் அப்பியிருக்கலாம். அவற்றின் மேல் சென்சர் ஒட்டாது. புருவத்துக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, முடி படாமல் ஒட்டுங்கள். நடுக்கோட்டின் கீழே மூளையின் குருதி வடிந்து சேரும் பெரிய நாளக்குடா இருப்பதால் அவ்விடத்தைத் தவிர்க்கவேண்டும். வெளிச்சம் புகாதபடி மூடிவிடுங்கள்.

நலமாக உள்ளவரிடம் பெரும்பாலும் 60 முதல் 80 வீதம் வரை காணப்படும் இவ்வெண், இதயம் நின்றவரிடம் மிகத் தாழ்ந்திருக்கும். சில கருவிகள் 15க்குக் கீழே காட்டுவதே இல்லை என்பதால், திரையில் 15 அசையாமல் நின்றால் அதை உண்மையான அளவென்று கொள்ளாதீர்கள். தனி எண்ணைவிட அது செல்லும் திசையே முக்கியம். எண் ஏறாவிட்டால், அழுத்தம் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்தில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நிகழ்கிறதா, ஒவ்வொரு அழுத்தத்தின் பின்னும் நெஞ்சு முழுமையாக மேலெழுகிறதா, சுவாசக்குழாய் உரிய இடத்தில் உள்ளதா என்று பாருங்கள். அழுத்துபவர் களைத்திருந்தால், 2 நிமிடம் முடியும்வரை காத்திராமல் ஆளை மாற்றுங்கள்.

எண் சடுதியாக உயர்ந்தால் இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியிருக்கலாம். எனினும், வெளிமூச்சுக் காபனீரொட்சைட்டையும் சேர்த்துப் பார்த்து, அழுத்தத்தைச் சற்று நிறுத்தி இதயத் துடிப்பின் லயத்தைப் பார்க்கும் அடுத்த இதயலயப் பரிசோதனையின்போது நாடியைத் தொட்டு உறுதிப்படுத்துவதே முறை. அதேபோல, எண் தாழ்ந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முயற்சியைக் கைவிடுவதை நான் ஏற்கமாட்டேன். ஏனெனில், மண்டையோட்டுக்கு வெளியே உள்ள தோலின் குருதியும் இவ்வளவீட்டில் கலந்துவிடுகிறது.

துடிப்பு திரும்பிய பின்னரும் சென்சரைக் கழற்றாதீர்கள். விரல் ஒக்ஸிமீட்டர் நம்பத்தக்க அளவைக் காட்டத் தொடங்கியதும், 94 முதல் 98 வீதம் நிலைக்குமாறு ஒட்சிசனைக் குறைத்துக் கொள்ளலாம். அதன்பின் மூளையின் எண் மட்டும் சரிந்தால் முதலில் குருதியமுக்கத்தையும், அடுத்து செயற்கைச் சுவாசப் பையை அமுக்கும் வேகத்தையும் கவனியுங்கள்: பதற்றத்தில் வேகமாக அமுக்கும்போது குருதியின் காபனீரொட்சைட்டு குறைந்து, மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்கிவிடும்.