எழுத்துக்கு இடம் விட்டு வரைதல்: சிறுவர் நூல் ஓவியங்களைக் கணினியில் உருவாக்கும் முறை

சிறுவர் நூலுக்குக் கணினியில் படம் வரைய முற்படுவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்பதைத்தான். கணினியும் பேனா டேப்லட்டும் இருந்தால், விலையின்றிக் கிடைக்கும் கிரிட்டாவே போதுமானது. ஐபேட் வைத்திருப்பவர்கள் ஒரே முறை பணம் செலுத்திப் புரோகிரியேட்டை வாங்கிக்கொள்ளலாம். இதைவிட முக்கியமான கேள்வி, ஒவ்வொரு பக்கத்திலும் படத்துக்கு எவ்வளவு இடம், கதையின் வரிகளுக்கு எவ்வளவு இடம் என்பதாகும். அதைத் தீர்மானிக்காமல் வரைந்த அழகான படங்கள், கடைசியில் வானத்தின் நடுவே வெள்ளைக் கட்டம் ஒட்டப்பட்டு வெளிவருவதைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது.

ஆகவே மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, நூலின் அளவையும் பக்க எண்ணிக்கையையும் பதிப்பாளரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நடுவில் பின் அடித்துக் கட்டும் நூலின் பக்கங்கள் நான்கின் மடங்காகவே இருக்கும் என்பதால், 16, 24, 32 ஆகியவை வழக்கமான எண்ணிக்கைகள். அத்தனை பக்கங்களையும் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக ஒரே தாளில் வரைந்து, கதையைப் பிரித்து வைத்துப் பாருங்கள். காணாமற்போன ஆட்டுக்குட்டியைத் தேடும் கதை என்றால், வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து வால் மட்டும் எட்டிப்பார்க்கும் படம் வலப்பக்கத்தில் அமைய வேண்டும். குட்டி அகப்படுவது, பக்கத்தைப் புரட்டிய பிறகே தெரிய வேண்டும். குழந்தையின் கை அடுத்த பக்கத்துக்குப் போவதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

அடுத்து, வரைபரப்பின் அளவு. 8.5 அங்குலச் சதுர நூலில் இரு பக்கங்களை இணைத்து வரைவதாக இருந்தால், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 5100 × 2550 பிக்சல் தேவைப்படும். அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க, நான்கு புறமும் 3 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 35 பிக்சல், கூடுதலாக விட்டுப் பின்னணியை அதுவரை நீட்ட வேண்டும். முகம், கை போன்றவற்றை நடு மடிப்பிலிருந்து தள்ளியே வையுங்கள். சிறிதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் கோடுகள் மங்கிவிடும் என்பதால், இந்த அளவைத் தொடக்கத்திலேயே சரியாக அமைத்துக்கொள்வது கட்டாயம்.

இப்போது கதையின் வரிகளை, அச்சில் வரவிருக்கும் எழுத்துருவிலும் அளவிலும், தனி லேயரில், அதாவது படத்தின் மேல் கண்ணாடித் தாள்போல் விரியும் தனி அடுக்கில், இட்டுப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்ற ஒரே சொல் குறுகிய பத்தியில் ஒரு வரியையே பிடித்துக்கொள்ளும். வாசிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கு 18 பாயின்ட் அளவுக்குக் குறையாத எழுத்து வேண்டும் என்பது என் கருத்து. இந்த லேயர் இடத்தைக் குறித்துக்கொள்வதற்கு மட்டுமே; இறுதி எழுத்தைப் பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் கோக்க வேண்டும். எழுத்தைப் படத்தோடு சேர்த்துவிட்டால் பிழை திருத்தவும் முடியாது, வேறு மொழியில் வெளியிடவும் முடியாது. மேலும், அது வண்ண அச்சின் நான்கு மைகளின் கலவையாக அச்சேறி, மைகள் மயிரிழை விலகினாலும் ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். எழுத்துக்குத் தனிக் கறுப்பு மை மட்டுமே உகந்தது.

வரையும்போது கோடு, அடிவண்ணம், நிழல், பின்னணி ஆகிய நான்கையும் தனித்தனி லேயர்களில் வைத்தால் போதும். நாற்பது லேயர்களில் எது எங்கே என்று தேடுவது வீண். நிழலுக்கு, கீழுள்ள நிறத்தோடு கலந்து அதை அடர்த்தியாக்கும் மல்டிப்ளை முறையைப் பயன்படுத்துங்கள். பாத்திரத்தை முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என வரைந்து, அதன் சட்டை நிறம், தோல் நிறம் ஆகியவற்றையும் ஒரே தாளில் தீட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் நிறத்தை அங்கிருந்தே எடுக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய் இமை முடியை வரைவதில் நேரம் கரையும். அவ்வப்போது அச்சளவுக்குச் சுருக்கிப் பார்த்தால், தேவையானது எது என்பது தெரிந்துவிடும்.

திரையில் பளிச்சிடும் இளம்பச்சையும் ஊதாவும் தாளில் மங்கிவிடும். அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்பதைக் குறிக்கும், அச்சகம் தரும் வண்ணச் சுயவிவரக் கோப்பை கிரிட்டாவில் ஏற்றி, அந்த அச்சு நிறங்களைத் திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃபிங்கை இயக்கினால் இது முன்கூட்டியே புலப்படும். ஆனாலும் ஒரு பக்கத்தையேனும் மாதிரி அச்செடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். குறிப்பாக, திரையின் ஒளியில் உயிரோட்டத்துடன் தெரியும் மாநிறமும் கருநிறமும் தாளில் இருண்டு, முகத்தின் கண்ணும் புன்னகையும் மறைந்துவிடக்கூடும். அப்படி நேர்ந்தால், தோலின் நிறத்தை வெளுக்காமல், நிழல் லேயரின் அடர்த்தியைக் குறைத்து மீண்டும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும்.