பழைய சூப்பர் ஹீரோ படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு மே மாதம் பிறந்தால் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். பெரியவனுக்கு வயது 14, சின்னவளுக்கு 10. அக்னி நட்சத்திரத்தில் வேலூர்த் தெருவில் காலை 11 மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. ஜன்னலைச் சாத்திவிட்டு, வெயில் இறங்கும் வரை டிவிதான். மூன்று கோடையாக நான் அவர்களுக்குப் பழைய சூப்பர் ஹீரோ படங்களைப் போட்டுக் காட்டுகிறேன். முதல் கோடையில் எதுவும் எடுபடவில்லை. 1978இல் வந்த சூப்பர்மேனை அரை மணி நேரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் போன வருஷம் அதே படத்தை அதே பிள்ளைகள் கடைசி வரை கண் எடுக்காமல் பார்த்தார்கள். நடுவில் நான் என்னென்ன தவறுகளைத் திருத்திக்கொண்டேன் என்பதை எழுதி வைத்தால் வேறு வீடுகளுக்கும் உதவும்.

முதலில் கிராபிக்ஸ் பேச்சு வேண்டாம்

"கிராபிக்ஸ் கொஞ்சம் சுமாரா இருக்கும், பொறுத்துக்கோங்க" என்று சொல்லித்தான் அன்றைக்குப் படத்தைப் போட்டேன். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அந்த நிமிஷத்திலிருந்து பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு, கயிறு எங்கே தெரிகிறது என்று தேட ஆரம்பித்தார்கள். "அத்தை, பொம்மை மாதிரி கீது" என்றான் பெரியவன்.

பொம்மை என்ற அந்தச் சொல் எனக்குப் படுகளத்தை நினைவுபடுத்தியது. வட ஆற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் படுத்த வாக்கில் அவ்வளவு பெரிதாகச் செய்து வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தோடு சுற்றிச் சுற்றி ஓடிவந்து தொடையில் அடிப்பார். அது மண் என்று இடுப்பில் இருக்கிற குழந்தைக்கும் தெரியும். இருந்தும் அந்த இடத்தில் விம்மி அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாள்கணக்கில் பகலில் பாரதம் கேட்டு, ராத்திரியில் கூத்துப் பார்த்து வந்து நிற்கிறவர்கள் அவர்கள். மண்ணுக்கு உயிர் வந்தது அந்த ராத்திரிகளில். கதை உள்ளே இறங்கிய பிறகு யாரும் பொம்மையைப் பார்ப்பதில்லை.

1957இல் வந்த மாயா பஜாரை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரங்கள் இன்றைக்கு எந்தப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். ஆனால் எஸ்.வி. ரங்காராவ் 'கல்யாண சமையல் சாதம்' பாடிக்கொண்டு உட்கார்ந்தால், லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவருடைய பசியை நாம் நம்பிவிடுகிறோம்.

அதனால் இப்போதெல்லாம் படம் தொடங்கும் முன் நான் எதற்கும் மன்னிப்புக் கேட்பதில்லை. எப்படி எடுத்தார்கள் என்பதைப் படம் முடிந்த பிறகுதான் சொல்கிறேன். அப்போது கேட்கிற ஆர்வமே தனி. சூப்பர்மேன் பறக்கிற காட்சிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவைக் கம்பியிலும் தாங்கியிலும் தொங்கவிட்டு எடுத்தார்கள். ஜோரான் பெரிசிக் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பின்னணிக் காட்சியைத் திரையில் வீசுகிற புரொஜெக்டரிலும் படம் பிடிக்கிற கேமராவிலும் ஜூம் லென்ஸ் பொருத்தி, இரண்டையும் ஒன்றாக இயங்கவைத்தார். பின்னணி அளவு மாறாது. ஆள் மட்டும் பெரிதாகிச் சிறிதாவார். பார்க்கிறவர் கண்ணுக்கு அவர் பறந்து நெருங்குவது போலவும் விலகுவது போலவும் இருக்கும். மற்றதை ரீவ் பார்த்துக்கொண்டார். விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்பதால், வளையும்போது உடம்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் படத்தின் காட்சித் தந்திரங்களுக்குத் தனியாக ஒரு ஆஸ்கர் விருதும் கொடுத்தார்கள். இதையெல்லாம் கேட்டபிறகு பெரியவன் தானாகவே அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னான்.

ஓட்டிவிடுவது

"போர் அடிக்குது, ஓட்டிவிடு" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ரிமோட்டைக் கொடுக்கக் கூடாது. சூப்பர்மேனில் அந்தச் சிவப்புத் துண்டுக்காரர் வருவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்னால் அழியப்போகிற ஒரு கிரகம் வருகிறது, கன்சாஸ் வயல்வெளி வருகிறது, வளர்ப்பு அப்பா வருகிறார். அந்த அப்பா வீட்டு வாசலில் மாரடைப்பில் விழுந்து இறக்கிறார். இவ்வளவு சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று பையன் அம்மாவிடம் சொல்கிறான். படத்தின் அஸ்திவாரம் அதுதான். அதைத் தாண்டி ஓட்டிவிட்டால், பிற்பாடு அவன் காதலி லோயிஸின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு கதறுவது வெறும் கூச்சலாகப் போய்விடும். கூத்தைத் தூங்கித் தவறவிட்டு நேராகப் படுகளத்துக்கு வந்தவருக்கு மண் உருவம்தானே தெரியும்!

ஒரே மூச்சில் உட்கார முடியாவிட்டால் இரண்டு மதியமாகப் பிரித்துக்கொள்ளலாம். படத்தின் நீளம் 143 நிமிஷம். வயல்வெளியை விட்டுப் பையன் வடக்கே போகிற இடத்தில் நிறுத்தினால் மறுநாளுக்குச் சரியாக இருக்கும்.

டப்பிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் அம்மாவும் கூட உட்காருவதால், தமிழில் கிடைத்தால் தமிழில்தான் போடுகிறேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு காட்சியை மட்டும் அசல் குரலில் காட்டாமல் விட்டால் பெரிய நஷ்டம். லோயிஸை வெளியே அழைத்துப்போகக் கிளார்க், அதாவது கண்ணாடி போட்டுச் சாதாரண ஆளாக இருக்கிற சூப்பர்மேன், அவள் வீட்டுக்கு வருகிறான். அவள் உள்ளே போன நேரத்தில் கண்ணாடியைக் கழற்றுகிறான். கூனியிருந்த தோள் நிமிர்கிறது, குரல் இறங்கி கனக்கிறது, உயரமே கூடிவிடுகிறது. உண்மையைச் சொல்லிவிடப் பார்க்கிறான். பிறகு மனம் மாறி மறுபடி கண்ணாடியைப் போட்டுக் கூனிக்கொள்கிறான். ஒரே இடம், ஒரே உடை. தந்திரம் எதுவும் இல்லை. கூத்துப் பார்த்தே வளர்ந்த எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வேஷம் கட்டாமலே வேஷம் மாத்திட்டான் பாரு" என்றார். ரீவின் நடிப்பைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

டிவியையும் கவனியுங்கள்

இது சின்ன வேலை, பலன் அதிகம். சினிமா நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்படுவது. புது டிவிகள் அந்தச் சட்டங்களுக்கு நடுவில் தாமாகவே படங்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்கும். பழைய படம் அப்போது ஸ்டுடியோவில் எடுத்த சீரியல் போலத் தெரியும். செட்டும் ஒட்டுத்தாடியும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். செட்டிங்ஸில் மோஷன் ஸ்மூத்திங் மாதிரியான பெயரில் இருப்பதை அணைத்துவிட்டு, சினிமா மோடில் வையுங்கள். படத்தை இழுத்து முழுத்திரைக்கு நிரப்பாதீர்கள், முகமெல்லாம் உப்பிவிடும். 1989இல் டிம் பர்ட்டன் எடுத்த பேட்மேனை மட்டும் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டன் ஃபர்ஸ்ட் வடிவமைத்த காத்தம் நகரம் முழுக்க இருட்டு. மதிய வெளிச்சம் அறைக்குள் கொஞ்சம் இருந்தாலும் ஒன்றும் தெரியாது.

எதிலிருந்து தொடங்குவது

வந்த வருஷ வரிசைப்படி காட்டுவது நியாயமாகத் தோன்றும், ஆனால் சரிவராது. 1966இல் வந்த பேட்மேன் வேண்டுமென்றே சிரிக்க எடுத்தது. அதைச் சொல்லாமல் போட்டால், அந்தக் காலத்தில் இவ்வளவுதான் முடிந்தது போல என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். 1987இல் வந்த நாலாவது சூப்பர்மேனையோ 1997இல் வந்த பேட்மேன் அண்ட் ராபினையோ தெரியாமல் முதலில் போட்டுவிட்டால், அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

நான் 2004இல் வந்த ஸ்பைடர்மேன் 2இலிருந்து தொடங்கச் சொல்வேன். ஸ்பைடர்மேனான பீட்டருக்கு வாடகை கட்டப் பணமில்லை, பீட்ஸா கொடுக்கிற வேலை போய்விட்டது, படிப்பு பின்தங்குகிறது, அத்தையின் வீடு கையை விட்டுப் போகப்போகிறது. இதில் எது பழசாகும்? வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் கைகள் பல காட்சிகளில் நிஜமான பொம்மைக் கைகள். ஆட்டுவிக்கிறவர்கள் மறைந்து நின்று ஆட்டியவை. அந்த வேஷத்தில் நடித்த ஆல்ஃபிரெட் மோலினா அவற்றோடு பேசுவதை நம்ப முடிவது அதனால்தான். ஓடுகிற ரயிலை உடம்பால் தடுத்து நிறுத்திவிட்டுப் பீட்டர் மயங்கி விழுகிறான். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தலைக்கு மேல் கைமாற்றிக் கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறார்கள். சின்னப் பையன் என்று ஒருவர் சொல்கிறார். பார்த்த முகத்தை யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். காட்பாடியிலிருந்து சென்னைக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் எங்கள் அண்ணன், சூப்பர் ஹீரோ படமென்றால் எழுந்து போய்விடுகிறவர், அந்தக் காட்சியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒருவரை இப்படித்தான் கைமாற்றி இறக்கினோம் என்று அன்றைக்கு ராத்திரி பிள்ளைகளிடம் சொன்னார்.

சின்னவள் பழக்க தோஷத்தில், எழுத்து ஓடி முடிந்ததும் இன்னொரு காட்சி வருமா என்று காத்திருந்தாள். 2008இல் அயர்ன் மேன் வந்து அந்தப் பழக்கத்தைப் பரப்பிவிட்டது. பழைய படத்தில் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும், வேறெதுவும் பார்த்திருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்குவது

நான் கடைசியாகத் திருத்திக்கொண்டது இது. நமக்குப் பிடித்த படம் என்பதற்காகப் பிள்ளைகளின் கேள்வியை அடக்கக் கூடாது. பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தைத் திருப்புகிற சூப்பர்மேன் முடிவு அன்றைக்கும் பொருந்தவில்லை, இன்றைக்கும் பொருந்தவில்லை. 2002இல் வந்த முதல் ஸ்பைடர்மேனில், மல்யுத்த மேடையில் எதிராளியைச் சீண்டப் பீட்டர் சொல்கிற ஒரு வரி ஒருபால் உறவைக் கேலி செய்வது. அது தவறு என்று படத்தை நிறுத்திப் பிள்ளைகளிடம் சொன்னேன். "மேரி ஜேன் ஏன் அத்தை எப்பப் பார்த்தாலும் எங்கேயாவது தொங்கிக்கினே கீது?" என்று பீட்டரின் காதலியைப் பற்றிச் சின்னவள் கேட்டாள். முன்பென்றால் அந்தக் காலம் அப்படி என்று சொல்லியிருப்பேன். இந்த முறை, நீ கேட்பது சரிதான் என்றேன். சூப்பர்மேனில் லோயிஸ் அவளைவிடப் பரவாயில்லை. அவளுக்கென்று ஒரு வேலை, செய்தி தேடி அலைகிற ஒரு பிடிவாதம் இருக்கிறது. என்றாலும் விழுவதும் பிடிக்கப்படுவதும் அவள்தான்.

பெண் காப்பாற்றுகிற படம் வேண்டும் என்று சின்னவள் கேட்டாள். 1984இல் வந்த சூப்பர்கேர்ளைப் போட்டேன். ஹெலன் ஸ்லேட்டர் நன்றாகவே பறக்கிறார், ஆனால் கதையில் பிடிமானமே இல்லை. பாதியில் நிறுத்தச் சொன்னாள், நானும் தடுக்கவில்லை. டிவி அணைந்ததும் அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, மதுரையை ஆண்ட அல்லி அரசாணி கதையைத் தொடங்கினார். "ஆயா, அவங்க குதிரை ஓட்டுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே சின்னவள் அவர் மடியில் சாய்ந்தாள்.