பூ கொட்டுகிறதா? டானிக் வாங்குவதற்கு முன்

பூ கொட்டுகிறது என்றதும் கடைக்கு ஓடி, ஒரு டானிக் பாட்டிலை வாங்கி, பூச்சிமருந்தோடு கலந்து அடித்துவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் இந்த அவசரத்தில் பிறப்பவைதான். டானிக் என்று வாங்கும் வளர்ச்சி ஊக்கியில் சத்து எதுவும் கிடையாது. 'நீளு', 'பூவை உதிர்க்காதே' என்று செடிக்குள் கட்டளை மட்டும்தான் போகிறது. தண்ணீரும் உரமும் இல்லாமல் வாடி நிற்கும் செடிக்கு அந்தக் கட்டளையால் என்ன பயன்?

அடுத்தது அளவு. பூ உதிர்வதைத் தடுக்க அடிக்கும் என்.ஏ.ஏ. என்ற ஊக்கியின் 4.5 சதவீதக் கரைசலை உளுந்து, பாசிப்பயறுக்கு 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) அளவில் அடிப்பதென்றால், 10 லிட்டர் டேங்குக்கு 9 மில்லி போதும். மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். என்.ஏ.ஏ. போன்ற ஆக்சின் வகை ஊக்கிகள் குறைந்த அளவில் வளர்க்கும், மிஞ்சினால் கொல்லும். களைக்கொல்லியான 2,4-டி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

2,4-டி அடித்த தெளிப்பானைப் பெயருக்கு அலசிவிட்டுப் பருத்திக்குள் கொண்டுபோவது பெருந்தவறு. டேங்கின் அடியிலும் குழாயிலும் தங்கிய மிச்சமே போதும். அகன்ற இலை சுருங்கி, வெண்டை இலைபோல விரல்விரலாகப் பிரிந்துவிடும்; நரம்புகள் நெருங்கி நிற்கும். இதை வைரஸ் என்று எண்ணி இன்னொரு மருந்துக்குச் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக்குத் தண்டை நீட்டும் ஜிப்ரலின் வகை ஊக்கியான ஜிப்ரலிக் அமிலம் அடித்துப் பயிர் 'எழும்பிவிட்டது' என்று மகிழ்வதும் எனக்குக் கவலை தருகிறது. நாற்றை ஒல்லியாக நெட்டையாக்கும் பூஞ்சை நோயை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் குரோசாவா, அந்தப் பூஞ்சை சுரக்கும் பொருளே அதற்குக் காரணம் என்று 1926-இல் காட்டினார். ஜிப்ரலின் நமக்குத் தெரியவந்தது அப்படித்தான். 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 நெல் ரகம் குட்டையாக, உரம் போட்டாலும் சாயாமல் நின்றதற்குக் காரணம், அதன் தண்டில் ஜிப்ரலின் குறைவாக உருவாவதுதான். குட்டை ரகத்துக்கு அதையே வெளியிலிருந்து கொடுத்தால் தண்டு நீளும். கதிர் கனத்தபின் ஒரு காற்றடித்தால் படுத்துவிடும். வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் கதிர் முழுதாக வெளிவர இதை அடிப்பது வேறு கணக்கு.

பாகல், பூசணியில் பெண் பூ அதிகமாவதற்காக, எத்திலீன் வாயுவை வெளியிட்டு வேலை செய்யும் எத்ரல் ஊக்கியை அடிப்பவர்கள் பருவத்தைத் தவறவிடுகிறார்கள். கொடி பந்தலேறி, ஆண் பூவாகக் குலுங்கும்போது அடித்துப் பலனில்லை. மொட்டு உருவாகும் முன்பே, இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். எத்ரல் புளிப்புத்தன்மையுள்ள கரைசலில்தான் நிலைத்திருக்கும். காரத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீரில் கலந்து வைத்தால் எத்திலீன் வாயுவாகப் பிரிந்து காற்றோடு போய்விடும். காலையில் கலந்து வைத்துவிட்டு மாலையில் அடிக்காதீர்கள். வயலுக்குப் போனபின் நல்ல தண்ணீரில் கலந்து உடனே அடித்து முடியுங்கள்.