காரில் நாயோடு ஊருக்குப் போகும்போது தண்ணீர் கொடுப்பது எப்படி?

சென்னையிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும்போதெல்லாம் எங்கள் கருப்பனும் காரில் வருவான். 18 கிலோ எடையுள்ள நாட்டு நாய். தாகமெடுத்தாலும் வண்டிக்குள் வாய்விட்டுக் கேட்க மாட்டான். நேரம் பார்த்து நாம்தான் வைக்க வேண்டும்.

நாய்க்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். கருப்பனுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். வெயில் காலத்தில் கூடுதலாகக் குடிப்பான் என்பதால் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்வேன், அதுவும் வீட்டுத் தண்ணீராக. ஊருக்கு ஊர் ருசி மாறினால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாய்கள் உண்டு.

கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். ஆனால் வாந்தி எடுக்கும் என்று பயந்து தண்ணீரையும் நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அந்த மூச்சோடு ஈரமும் போய்விடும். ஏசி ஓடினாலும் வண்டியில் போகிற பதற்றத்திலேயே சில நாய்கள் விடாமல் இரைக்கும்.

திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், விராலிமலை என்று ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை நிழலாகப் பார்த்து நிறுத்துவோம். இறங்கி நடந்து இரைப்பு அடங்கியதும் அரை டம்ளர், ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு அரை டம்ளர். மொத்தமாக வைத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே கக்கிவிடும். குடிக்க மறுத்தால் உள்ளங்கையில் ஊற்றி நக்க விடுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் கோழி வேகவைத்த தண்ணீரை இரண்டு ஸ்பூன் கலந்தாலும் குடிக்கும். நாம் குடிக்கிற எலெக்ட்ரோலைட் பானம் வேண்டாம். சர்க்கரை இல்லாத வகைகள் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், அது நாய்க்கு விஷம்.

நிறுத்தும்போதெல்லாம் ஈறை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு காய்ந்து பிசுபிசுத்தால் தண்ணீர் போதவில்லை.

டீ குடிக்கப் போகும்போது யாராவது ஒருவர் நாயோடு வெளியே நில்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பூட்டிய கார் பத்தே நிமிஷத்தில் கொதித்துவிடும். நாய் தள்ளாடினாலோ, கெட்டியாக எச்சில் வழிந்தாலோ வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடம்பை நன்றாக நனைத்து, ஏசியைக் கூட்டி வைத்து, நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வழியில் இருக்கும் மருத்துவர்களின் எண்களைக் கிளம்பும் முன்பே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பூனை என்றால் வண்டியில் பெரும்பாலும் குடிக்காது. முந்தின நாளிலிருந்தே சாப்பாட்டில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். வழியில் தண்ணீர் காட்டுவதென்றால் கார் கதவுகளை மூடிவிட்டு அப்புறம் கூண்டைத் திறங்கள்.