லொறியின் கியர் பெட்டிக்கு வெப்பச் சென்சரை எங்கே பொருத்துவது?

காலபோக அறுவடை நாட்களில், நெல் ஏற்றிய லொறிகள் கிளிநொச்சியின் வாய்க்கால் வீதிகளில் நடைவேகத்தில் ஊர்ந்து ஏ9 வீதிக்கு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டோ கியர் உள்ள லொறிக்கும் கெப்புக்கும் மிகக் கடினமான வேலை அந்த ஊர்தல்தான். எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டர், பாரத்தோடு மெதுவாகச் செல்லும்போது பூட்டிக்கொள்ளாமல் வழுக்கியபடியே இயங்குவதால், வலுவின் ஒரு பகுதி வெப்பமாக மாறி ஒயிலில் சேருகிறது. காற்று வீச்சும் குறைவாக இருப்பதால் கூலரால் அந்த வெப்பத்தை முழுவதும் வெளியேற்ற முடிவதில்லை. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் வழக்கமான இடத்தில் நிற்கும்போதே கியர் பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருக்கலாம். இதற்கெனத் தனி மீற்றர் பூட்ட விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது சென்சரின் இடத்தையே.

துளை போடும் எண்ணம் வருவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். புதிய ஓட்டோ கியர்கள் பலவற்றில் உற்பத்தியாளர் வைத்த சென்சர் உள்ளேயே இருக்கிறது. ஸ்கானர் கருவியை இணைத்தால் அதன் அளவு திரையில் தெரியும். உங்கள் வாகனத்தில் அது இருந்தால் வேறு சென்சர் தேவையில்லை.

முதலாவது படி: மீற்றர் உங்களுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தல்

ஒயில் ஒரு சுற்றுப் பாதையில் ஓடுகிறது. கொன்வேர்ட்டரிலிருந்து வெளியேறிக் கூலருக்குப் போகும் குழாயில்தான் அது மிகச் சூடாக இருக்கும். அங்கே சென்சர் வைத்தால், ஏற்றத்தில் அழுத்திய சில விநாடிகளிலேயே முள் பாய்ந்து ஏறும். அனுபவம் உள்ளவருக்கு அது பயனுள்ள செய்தி, புதியவரையோ அடிக்கடி கலங்க வைக்கும். கூலரிலிருந்து திரும்பும் குழாயில் வைத்தால் கூலர் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது மட்டுமே தெரியும். கியர் பெட்டியின் அடியில் ஒயில் தேங்கி நிற்கும் தட்டான சம்பில் வைத்தால், பம்ப் உறிஞ்சிக் கிளட்ச்களுக்கும் வால்வுகளுக்கும் அனுப்பும் ஒயிலின் வெப்பம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் நிலையான அளவாகத் தெரியும். சில கியர் பெட்டிகளின் உடலில் ஒயில் அழுத்தம் பார்ப்பதற்கான, செருகி இட்ட துளை ஒன்று இருக்கும். அதில் பூட்டினால் வெட்டு வேலை வேண்டாம், அளவும் பெரும்பாலும் சம்பை ஒட்டியே இருக்கும். ஆனால் அந்தத் துளை அழுத்தம் உள்ள பாதையில் இருப்பதால், அந்த அழுத்தத்தைத் தாங்கக்கூடிய சென்சராக இருக்க வேண்டும்.

என்னுடைய முதல் சென்சரை, பூட்டுவதற்கு இலகு என்பதற்காகவே திரும்பும் குழாயில் வைத்தேன். முள் ஒருநாளும் 80 பாகை செல்சியஸைத் தாண்டவில்லை. ஒரு போகம் முடிந்து ஒயிலை மாற்றியபோது, சிவப்பாக இருக்க வேண்டியது கடும் கபில நிறத்தில் கருகிய மணத்தோடு வடிந்தது. மீற்றரில் பிழை இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆறிய ஒயிலை. ஆகவே புதியவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது சம்பைத்தான். அழுத்தத் துளை கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அதுவும் நல்லது.

குழாயில்தான் வைப்பேன் என்பவர்கள், எது போகும் குழாய் எது திரும்பும் குழாய் என்பதை ஊகிக்கக் கூடாது. சில்லுகளுக்குக் கல் வைத்து, ஆறிய எஞ்சினை இயக்கி, இரண்டையும் கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்; முதலில் சூடேறுவது கொன்வேர்ட்டரிலிருந்து வருவது.

இரண்டாவது படி: சம்பில் சரியான புள்ளியைத் தேடுதல்

ஒயில் வடிக்கும் அடிச்செருகியின் இடத்தில் பூட்டும் சென்சர்கள் கடைகளில் கிடைக்கின்றன. வேலை சுலபம்தான், ஆனால் எங்கள் வீதிகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிரவல் வீதியின் நடுமேடும் வயல் ஓரத்து அடிமரக் கட்டைகளும் முதலில் தட்டுவது அந்தத் தாழ்ந்த புள்ளியைத்தான். சென்சர் உடைந்தால் ஒயில் முழுவதும் வீதியில் போய்விடும். சம்பின் பின்பக்கச் சுவரோ, புகைக்குழாய் செல்லாத பக்கச் சுவரோ பொருத்தமானது. உயரத்தில் நடுவளவாக இருந்தால் முனை எப்போதும் ஒயிலுக்குள் மூழ்கியிருக்கும்.

மூன்றாவது படி: உள்ளே இடம் இருக்கிறதா என்று அளத்தல்

இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். சம்பைக் கழற்றியபின், மேலே தெரியும் வடிகட்டிக்கும் வால்வுத் தொகுதிக்கும் சென்சர் முனை முட்டக் கூடாது. றொட்டிக்குக் குழைத்த மாவில் ஓர் உருண்டையை மெல்லிய பொலித்தீனில் இறுகச் சுற்றி, முனை வர வேண்டிய இடத்தில் சம்பின் உட்சுவரில் ஒட்டி, பழைய கஸ்கெற்றோடு சம்பைத் தூக்கி நான்கு போல்ட்களால் மட்டும் பிடித்து, மீண்டும் இறக்குங்கள். மா எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதிலிருந்து மிஞ்சிய இடைவெளி தெரியும். சென்சர் முனையின் நீளத்தைவிட அது தாராளமாக இருந்தால் மட்டுமே அந்த இடத்தில் குறி இடுங்கள். மாத் துணுக்கோ பொலித்தீனோ உள்ளே தங்காமல் துடைத்தெடுப்பது கட்டாயம்.

நான்காவது படி: புரிக் குமிழை ஒட்டுதல்

இரும்புச் சம்பாக இருந்தால், துளையிட்டு, உட்புரி வெட்டிய சிறு இரும்புக் குமிழை லேத் வேலை செய்யுமிடத்தில் வெல்டிங் செய்விக்கலாம். அலுமினியச் சம்புக்கு அதற்கேற்ற வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். பல சென்சர்கள் 1/8 அங்குலக் குழாய்ப் புரி கொண்டவை. வாங்கிய சென்சரைக் கையோடு கொண்டுபோய்ப் புரியை ஒத்துப் பாருங்கள். வெல்டிங் முடிந்ததும் ஒட்டின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, குமிழின் வாயை அடைத்து, ஒட்டு மூழ்கும் அளவுக்கு உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் வையுங்கள். ஊசிமுனைத் துளை இருந்தாலும் காலையில் வெண்சுண்ணாம்பில் ஈரக்கறை தெரியும். சூட்டில் சம்பின் விளிம்பு வளைந்திருக்கிறதா என்பதைக் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து வைத்துப் பார்க்கலாம்.

ஐந்தாவது படி: பூட்டுதலும் வயரும்

ஒற்றை வயர் சென்சர் தன் உடல் வழியாகவே எர்த் பெறுகிறது. புரியில் வெள்ளை நாடாவைத் தடிப்பாகச் சுற்றினால் எர்த் தடைப்பட்டு அளவு பிழைக்கும். புரிக்குரிய ஒயில் பசையைக் கொஞ்சமாகத் தடவுவது போதும். கூம்பிய புரி என்பதால் மிகையாக இறுக்கினால் அலுமினியம் வெடிக்கும். பூட்டுவதற்கு முன், முனையைக் கொதிநீரில் பிடித்து, மீற்றர் 100 பாகைக்கு அருகில் காட்டுகிறதா என்று பாருங்கள். அப்போது சென்சரின் உடலிலிருந்து பற்றரியின் மறை (−) முனைக்கு ஒரு வயர் பிடிக்க மறக்க வேண்டாம்.

ஓடத் தொடங்கிய பின்

சம்பில் 80 முதல் 95 பாகை வரை இருப்பது வழமையானது. 110 ஐத் தொட்டால் பாரத்தையோ வேகத்தையோ குறைக்க வேண்டும். 120 ஐ நெருங்கினால் ஓரமாக நிறுத்தி, கை பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினைச் சற்று வேகமாக ஓட விடுங்கள், ஒயில் கூலர் வழியே சுற்றி ஆறும். உடனே எஞ்சினை நிறுத்தினால் அந்தச் சுற்றும் நின்றுவிடும். முதல் வாரத்தில் வெறும் வண்டியாகவும் பாரத்தோடும் ஒரே வீதியில் ஓடி, இரண்டு அளவுகளையும் மீற்றருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 போன்ற நீண்ட வீதி இதற்கு ஏற்றது.

மனுவல் கியர் லொறிக்கு இவ்வளவு தேவையில்லை. அதில் பல்லுகள் ஒயிலை வாரி இறைப்பதால், ஒயில் மட்டத்துக்குக் கீழே உள்ள பக்கச் செருகி போதும். ஒயில் நிரப்பும் மேல்செருகி வேண்டாம். அந்த மட்டத்தில் வண்டி ஓடும்போது முனை பல நேரம் காற்றில்தான் நிற்கும்.