பால் கொடுக்கும் காலத்தில் கருத்தடை: தாய்மார் அடிக்கடி விடும் பிழைகள்

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கிளினிக் நாள். தராசில் 8 மாத ஆண் பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். அவனது நீலப் பதிவேட்டில் நிறையைக் குறித்துக்கொண்டிருந்தபோது தாய் என் காதோரமாகக் குனிந்தாள்.

"மிஸ், நாலு நாளா காலையில ஓங்காளிக்குது."

"கடைசியா எப்ப மாதவிடாய் வந்தது மகள்?"

"இவன் கிடைச்ச பிறகு இன்னும் வரவே இல்ல. பால் குடுக்கிறேன் தானே."

சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்தது. சிசேரியன் செய்த வயிறு, வெட்டி 8 மாதம்தான். "பால் குடிக்கிற பிள்ளை இருந்தா தங்காதுன்னு அம்மா சொன்னாங்களே" என்று அவள் அழுத அழுகை இன்றைக்கும் என் மனதை விட்டுப் போகவில்லை. கொழும்பில் இருபது வருடத்துக்கு மேல் மருத்துவமாதாக வேலை பார்த்திருக்கிறேன். இதே கதையை வெள்ளவத்தையிலும் கேட்டிருக்கிறேன், தெமட்டகொடையிலும் கேட்டிருக்கிறேன். ஆகவே, வீட்டில் சொல்லும் பேச்சுகளையும், அவற்றில் எது சரி, எது ஆபத்து என்பதையும் விளக்கமாக எழுதுகிறேன்.

"பால் குடுக்கும்வரை தங்காது"

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இது இவ்வளவு ஆபத்து. பிள்ளை மார்பை உறிஞ்சும்போது தாயின் மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் ஹோர்மோன் செய்தி மந்தமாகிறது, முட்டை வெளியேறாமல் நிற்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. பிள்ளைக்கு 6 மாதம் நிறையாமல் இருக்க வேண்டும். மாதவிடாய் திரும்ப வராமல் இருக்க வேண்டும். தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்காமல், பகலில் 4 மணித்தியாலத்துக்கும் இரவில் 6 மணித்தியாலத்துக்கும் மேல் இடைவெளி விடாமல் பால் கொடுக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் 100 பேரில் 2 பேருக்கும் குறைவாகத்தான் கரு தங்கும். ஒன்று பிசகினாலும் இந்தக் கணக்கை நம்ப முடியாது. அன்றைக்கே வேறு முறைக்கு மாற வேண்டும்.

எங்கள் வீடுகளில் எது பிசகுகிறது என்று பாருங்கள். வயிற்றுக் குத்துக்கு ஓமத் தண்ணீர் பருக்குகிறோம். மாமியார் இரவில் கொஞ்சம் பால்மா கரைத்துக் கொடுத்து, "நீ படு பிள்ளை, நான் பார்க்கிறன்" என்கிறார். பெற்ற உடம்பு ஓய்வெடுக்கட்டும் என்ற அன்புதான் அது, குறை சொல்ல முடியாது. ஆனால் இரவில் பிள்ளை உறிஞ்சுவதுதான் முட்டையை அடக்கி வைப்பதில் பெரிய பங்கு. அது நின்றால் பாதுகாப்பும் தளர்ந்துவிடும்.

வேலைக்குப் போகும் தாய்மாரை நினைத்தால் எனக்கு இன்னும் கவலை. 84 நாள் பிரசவ லீவு முடிந்து கோட்டையில் உத்தியோகத்துக்குப் போகிறவள் காலை 7 மணிக்கு வீட்டை விட்டால், காலி வீதி நெரிசலில் திரும்பி வர மாலை 6 மணி. 11 மணித்தியாலம். பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனால் பிள்ளைக்குத் தாய்ப்பால் கிடைக்கும், அது மிக நல்லது. ஆனால் பீய்ச்சுவது பிள்ளை உறிஞ்சுவதற்கு முழு ஈடாகாது. லீவு முடிகிற கிழமையிலேயே அவளிடம் வேறொரு முறை கையில் இருக்க வேண்டும்.

"இன்னும் வரல்ல தானே, வந்த பிறகு பார்ப்பம்"

எல்லாவற்றிலும் பெரிய பிழை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். முட்டை முதலில் வெளியேறும், அதற்கு இரண்டு கிழமை கழித்துத்தான் மாதவிடாய் வரும். ஆகவே விலக்கு வரட்டும் என்று காத்திருக்கிறவளுக்கு அந்த முதல் முட்டையே கருவாகிவிடலாம். அப்படியானால் விலக்கு வரவே வராது. அவளும் 'பால் கொடுப்பதால் வரவில்லை' என்று மூன்று நான்கு மாதத்தைத் தெரியாமலே கடத்திவிடுவாள். கொட்டாஞ்சேனைத் தாய்க்கு நடந்தது இதுதான். பால் கொடுக்காத, அல்லது ஆரம்பத்திலிருந்தே பால்மாவும் கலந்து கொடுக்கும் தாய்க்கு, பிரசவம் முடிந்து 3 கிழமையிலிருந்தே பாதுகாப்பு தேவை.

நாள் எண்ணிப் பார்க்கும் முறையும் இந்தக் காலத்தில் சரிவராது. விலக்கே ஒழுங்குக்கு வராதபோது எந்த நாளை எண்ணுவது?

ஒரு பிள்ளையைப் பெற்று குறைந்தது 24 மாதம் கழித்து அடுத்த கருவைத் தாங்குவதே தாய்க்கும் பிள்ளைகளுக்கும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிசேரியன் செய்தவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். இடைவெளி மிகக் குறைந்தால் அடுத்த பிரசவ வலியின்போது கருப்பையில் பழைய தழும்பு பிரியும் ஆபத்து கூடும்.

"அக்காவும் இதைத்தான் போட்டவா"

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைக்கு 7 கிழமை. மேசையில் புதிதாக உடைத்த பால்மாப் பெட்டி, பக்கத்தில் பாதி முடிந்த மித்துரி அட்டை.

"ஏன் பிள்ளை பால்மா?"

"பால் காணாது மிஸ். ரெண்டு கிழமையா குறைஞ்சு போச்சு."

"இந்தக் குளிசை எப்ப தொடங்கினீங்கள்?"

"ரெண்டு கிழமை இருக்கும். அக்கா தான் தந்தவா. அவவுக்கு ஒண்டும் செய்யேல்லை."

மித்துரி போன்ற சாதாரண கருத்தடைக் குளிசையில் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்ட்ரஜன் என்ற இரண்டு ஹோர்மோனும் சேர்ந்திருக்கும். ஈஸ்ட்ரஜன் சிலருக்குப் பாலைக் குறைத்துவிடும். அதைவிடப் பெரிய கவலை இரத்தக் கட்டி. பிரசவம் முடிந்த முதல் 6 கிழமையில் பெண்ணின் இரத்தம் இயல்பாகவே இலகுவில் உறையும் நிலையில் இருக்கும், ஈஸ்ட்ரஜன் அதை இன்னும் கூட்டும். ஆகவே பால் கொடுக்கிறவர்கள் முதல் 6 கிழமைக்குள் இதைத் தொடவே கூடாது, 6 மாதம் வரைக்கும் தவிர்ப்பதே நல்லது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு நோ வந்தால் வீட்டில் எண்ணெய் பூசிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அக்கா அந்தக் குளிசையைப் போட்டபோது அவருடைய பிள்ளைக்கு ஒன்றரை வயது. பெட்டி ஒன்றுதான், காலம் வேறு.

ஈஸ்ட்ரஜன் இல்லாத, புரொஜெஸ்ட்ரஜன் மட்டுமுள்ள குளிசை பால் கொடுப்பவர்களுக்குப் பொருந்தும். ஆனால் அதில் நேரம் பிசகக் கூடாது. பழைய வகையில் 3 மணித்தியாலம் பிந்தினாலே குளிசை விட்டதாகக் கணக்கு, டெசொஜெஸ்ட்ரெல் வகையில் 12 மணித்தியாலம் வரை தாங்கும். அட்டைக்கும் அட்டைக்கும் இடையில் நாள் விடவும் கூடாது. பாமசியில் 'கருத்தடைக் குளிசை' என்று மட்டும் கேட்காமல், 'பால் குடுக்கிறன், பிள்ளைக்கு இத்தனை கிழமை' என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

"ஊசி போட்டா கெட்ட இரத்தம் உள்ளே தேங்கும்"

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி போட்டவர்களுக்கு முதலில் கண்ட நாளில் கறை படும், பிறகு விலக்கு முற்றாக நின்றும் போகலாம். இரத்தம் உள்ளே தேங்கித் தலைக்கு ஏறும் என்று பயந்து இரண்டாவது ஊசிக்கு வராமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். உள்ளே ஒன்றும் தேங்குவதில்லை. ஊசி மருந்து கருப்பையின் உட்படையைத் தடிக்க விடுவதில்லை, தடிக்காத படையிலிருந்து வெளியேற ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

பால் கொடுப்பவர்களுக்கு இந்த ஊசியை 6 கிழமை முடிந்த பிறகே போடுவார்கள். பாலில் மிகச் சிறிதளவு மருந்து போகும், பிள்ளையின் வளர்ச்சிக்கு அது கெடுதி செய்வதாகக் காணப்படவில்லை. ஒரு விடயம் மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: ஊசியை நிறுத்தினாலும் கரு தங்குவதற்குப் பல மாதங்கள் பிந்தலாம். அடுத்த பிள்ளையைச் சீக்கிரம் விரும்புகிறவர்கள் கையில் வைக்கும் குச்சி பற்றிக் கேட்கலாம். மேற்கையின் உட்புறத்தில் தோலுக்குக் கீழே வைப்பார்கள். இரண்டு குச்சி வைக்கும் ஜடெல் 5 வருடம் காக்கும், எடுத்ததும் கருவளம் விரைவில் திரும்பும். ஆனால் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும், வலிப்புக்குச் சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் குச்சியும் குளிசையும் வேலை செய்யாமல் போகலாம். அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கருப்பைக்குள் வைக்கும் லூப்பைப் பற்றியும் வீண் பயம் அதிகம். செம்பு லூப்பில் ஹோர்மோனே இல்லை, பாலை அது தொடாது. பிரசவம் முடிந்து 48 மணித்தியாலத்துக்குள் வைக்கலாம், தவறினால் 4 கிழமை கழிய வேண்டும். பிரசவத்தோடு வைத்தால் கழன்று விழும் வாய்ப்புக் கொஞ்சம் அதிகம் என்பதால், கட்டாயம் திரும்பப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். விலக்கு திரும்பியதும் போக்கு கொஞ்சம் கூடலாம். இரத்தசோகை இருப்பவர்கள் அதை முதலே சொல்லிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய்

இதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆகவே நானே சொல்கிறேன். பால் கொடுக்கும்போது உடம்பில் ஈஸ்ட்ரஜன் குறைவு, அதனால் பெண்ணுறுப்பு வறண்டிருக்கும், நோகும். வீட்டில் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது தேங்காய் எண்ணெயும் பிள்ளைக்குப் பூசும் பேபி ஒயிலும். லேடெக்ஸ் ஆணுறையோடு எந்த எண்ணெய் பட்டாலும் சில நிமிடத்திலேயே அது பலமிழந்து கிழியும். "கவனமாத்தான் இருந்தோம் மிஸ்" என்று வந்தவர்களில் சிலருக்கு இதுதான் நடந்தது. தண்ணீரில் கரையும் வழுக்குப் பசைதான் பொருந்தும். மற்றபடி ஆணுறை முதல் நாளிலிருந்தே பாவிக்கக்கூடியது, பாலுக்கு ஒன்றும் செய்யாது.

ஆணுறை கிழிந்தால் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் உள்ள அவசரக் குளிசையை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்த முடியுமோ அவ்வளவு முந்தி எடுக்க வேண்டும். அதற்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை. 5 நாளுக்குள் செம்பு லூப் வைப்பது இதைவிட உறுதி. மாதா மாதம் அவசரக் குளிசையிலேயே ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

"ஹரி மிஸ்"

கொழும்பில் எங்கள் பெண்களுக்கென்றே ஒரு தனிச் சங்கடம். கிளினிக்கில் விளக்கம் சிங்களத்தில் நடக்கும், பாதி விளங்கும், பின்னால் வரிசை நிற்கும். "ஹரி மிஸ், ஹரி மிஸ்" (சிங்களத்தில் 'சரி மிஸ்') என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். ஊசி போட்ட அன்று பாலை நிறுத்த வேண்டுமோ என்ற சந்தேகத்தைக் கேட்க முடியாமல், இரண்டு நாள் பால் கொடுக்காமலே இருந்து மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சலோடு வந்த ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தத் தேவையே இருக்கவில்லை. விளங்காவிட்டால் "தமிழ் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வீட்டில் பேச முடியாததும் எனக்குத் தெரியும். ஒரே அறை, மாமியாரும் அங்கேதான், நான் வீட்டுக்கு வந்து கேட்டாலும் பதில் வராது. அப்படியானால் தடுப்பூசிக்கு வரும் நாளில், பிள்ளையைத் தராசில் வைக்கும்போது, மெதுவாக ஒரு சொல் சொல்லுங்கள், தனியாகக் கூட்டிப்போய்ப் பேசுவோம். 6 மாதத் தடுப்பூசி நாள் பாலின் பாதுகாப்பு முடியும் நாள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டாம்.

ஊசியைத் தெரிந்தெடுத்தால் அடுத்த திகதியை வாயால் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். அது போயா விடுமுறை நாளில் விழுந்து கிளினிக் பூட்டியிருந்தால், "அடுத்த மாதம் பார்ப்பம்" என்று விடாமல் அந்தக் கிழமையே வாருங்கள். திகதியைப் பிள்ளையின் பதிவேட்டில், அவனது அடுத்த தடுப்பூசித் திகதிக்குப் பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.