உடன்படிக்கைப் பகுதியை வாசிக்கும் முறை

வேதாகமத்தில் தேவன் மனிதரோடு செய்யும் உடன்படிக்கை, பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்ற பெயர்களிலேயே இருக்கிறது. 'ஏற்பாடு' என்பதும் உடன்படிக்கைதான். ஆனாலும் பலர் இதை வாடகைப் பத்திரம்போல, இரு தரப்புக்கும் சரிபாதி நிபந்தனையாக வாசித்துவிடுகிறார்கள். ஆகவே முதலில் பார்க்கவேண்டியது: ஆணையிட்டுத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது யார்?

ஆதியாகமம் 15-ஐ எடுங்கள். மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் ஆபிராம் (பின்னாளில் ஆபிரகாம்) துண்டித்து எதிரெதிராக வைக்கிறான். பறவைகளை மட்டும் துண்டிக்கவில்லை. மிருகங்களை இப்படித் துண்டிப்பது எதற்காக என்று அந்த அதிகாரம் சொல்வதில்லை. அங்கேயே விரலை வைத்துக்கொண்டு எரேமியா 34:18-20-க்குத் திருப்புங்கள். துண்டித்த கன்றின் நடுவே கடந்துபோய்ச் சொல் மீறியவர்களுக்கு அந்தக் கன்றின் கதியே வருகிறது. எபிரெயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றே சொல்வார்கள். இப்போது 15:17-க்குத் திரும்புங்கள். துண்டங்களின் நடுவே கடந்துபோவது தேவனைக் குறிக்கும் அக்கினிஜுவாலை. ஆபிராமோ அயர்ந்து தூங்குகிறான். அவன் ஓர் அடிகூட நடக்கவில்லை. ஆணைக்குத் தம்மை உட்படுத்துவது தேவன் மட்டுமே.

அதே கேள்வியோடு, சீனாய் மலையில் இஸ்ரவேலரோடு செய்த உடன்படிக்கை இருக்கிற யாத்திராகமம் 24-க்குப் போங்கள். பாதி இரத்தம் பலிபீடத்தின்மேல், மீதி ஜனங்கள்மேல். இங்கே கீழ்ப்படிவோம் என்று வாய்திறந்து சொல்வது ஜனங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் கலாத்தியர் 3:17 புரியாது: 430 வருஷத்துக்குப் பின் சீனாயில் வந்த நியாயப்பிரமாணம் ஆபிரகாமுக்குக் கொடுத்த முந்தின வாக்குத்தத்தத்தைத் தள்ளாது என்ற பவுலின் வாதமே இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

அடுத்து, ஒவ்வோர் உடன்படிக்கைக்கும் உரிய அடையாளம். ஆபிரகாமுக்கு விருத்தசேதனம், சீனாயில் ஓய்வுநாள். நோவாவுக்குக் கொடுத்த வானவில்லில்தான் வழுக்குவார்கள்: ஆதியாகமம் 9:16-ன்படி அதைப் பார்த்து நினைவுகூருவது தேவன், நாம் அல்ல. அந்த உடன்படிக்கை மிருகஜீவன்களுக்கும் சேர்த்தே.

ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் ஒத்தவாக்கிய அகராதியை மட்டும் நம்பாதீர்கள். தாவீதுக்கான வாக்கு இருக்கிற 2 சாமுவேல் 7-ல் 'உடன்படிக்கை' என்ற சொல்லே கிடையாது. அதை அப்படி அழைப்பது சங்கீதம் 89:3.

கடைசியாக, புதிய உடன்படிக்கை வரும் என்று சொல்லும் எரேமியா 31:31-34. அதை எபிரெயர் 8 முழுவதுமாக மேற்கோள் காட்டுகிறது. இயேசு கடைசி இராப்போஜனத்தில் அதே சொல்லைப் பயன்படுத்தும் லூக்கா 22:20-ஐயும் சேர்த்து வாசியுங்கள். எபிரெயர் 9-ல் மட்டும் நிதானம் வேண்டும். 15-ம் வசனத்தில் 'உடன்படிக்கை' என்ற பழைய தமிழ் வேதாகமம் 16-ல் 'மரணசாசனம்' என்கிறது. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல், 'தியாதேக்கே'. உயிலுக்கும் அதுவே பெயர். 'அதே சொல்' என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் பேச்சு திடீரென்று சாசனம் எழுதினவனுடைய மரணத்துக்கு ஏன் தாவுகிறது என்பது பிடிபடாது.